பாட்டுக்கு உரிமை கோர ஆள் உண்டு, வாசித்தவர் பெயர் எங்கே?

சென்ற ஆண்டு, யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் ஏழாம் திருவிழா இரவு. சுவாமி வெளிவீதி சுற்றி வந்து வடக்கு வீதியில் நின்றதும் மேளக் கச்சேரி தொடங்கியது. நாதஸ்வர வித்துவானுக்கு எழுபது வயதுக்கு மேல். சீவாளியை உதட்டில் வைத்து நனைத்து, இரண்டு மூன்று தரம் ஊதிப் பார்த்து, மாற்றி வைத்து, பிறகுதான் வாசிக்கத் தொடங்கினார். எடுத்துக்கொண்டது தியாகராஜர் கீர்த்தனை ஒன்று. ஆலாபனையோடு சேர்த்து முக்கால் மணித்தியாலம் வாசித்தார். என் மருமகன் கைபேசியை முக்காலியில் பொருத்தி முழுவதையும் பதிந்தான். மறுநாள் காலை, வித்துவான்கள் பெயரையும் கோயிலின் பெயரையும் தொடக்கத்தில் எழுத்தில் போட்டு இணையத்தில் ஏற்றினான்.

மத்தியானத்துக்குள் அறிவித்தல் வந்துவிட்டது. அந்தக் கீர்த்தனைப் பகுதிக்கு ஓர் இசை நிறுவனம் உரிமை கோரியிருக்கிறதாம். அவர்களிடம் இருப்பது வேறொரு வித்துவான் வாசித்த வேறொரு பதிவு. ஆனாலும் எங்கள் காணொளி சில நாடுகளில் ஓடாது என்று தளம் சொல்லிவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, திருவிழாவைத் திறக்கவே முடியவில்லை என்று குறைப்பட்டார். ஒரு வாரம் கழிந்தது. அதே பதிவின் ஐந்து நிமிடத் துண்டு வேறொரு பக்கத்தில் வந்தது. தொடக்கத்தில் இருந்த பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. மூலையில் அந்தப் பக்கத்தின் சின்னம் பெரிதாக ஒட்டப்பட்டிருந்தது. வித்துவான் யார், ஊர் எது, எந்தக் கோயில், ஒன்றும் இல்லை. அதைப் பார்த்து எந்த இயந்திரமும் முறைப்பாடு செய்யவில்லை.

இரண்டும் ஒரே பதிவுக்கு நடந்தவை. யாருக்கும் சொந்தமில்லாத கீர்த்தனைக்கு உரிமை கேட்டு ஒரு கை நீண்டது. எழுபது வயது மனிதரின் மூச்சுக்கு உரிய பெயர் அழிந்தபோது ஒரு கையும் நீளவில்லை. பதிப்புரிமை பற்றி இப்போது நடக்கும் வாதங்களில் பெரும்பாலானவை முதலாவதைப் பற்றியவை. இரண்டாவதுதான் எங்களுக்குப் பெரிய இழப்பு என்பது என் எண்ணம். அதை விளங்கிக்கொள்ளச் சட்டத்துக்குள்ளும் இயந்திரத்துக்குள்ளும் கொஞ்சம் போய்வர வேண்டும்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். பத்திரிகைகளிலேயே பலர் ‘காப்புரிமை’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல் புதுக் கண்டுபிடிப்புக்குக் கொடுக்கப்படும் உரிமைக்கே பொருந்தும். அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், பதிய வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். பாட்டு, கதை, படம் ஆகியவற்றுக்கு உள்ளது பதிப்புரிமை. இலங்கையில் இரண்டையும் ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வணிகக் குறிகளையும் கண்டுபிடிப்புகளையும் பதியும், கவிதையைப் பதியாது. கவிதை எழுதி முடிந்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ‘பதியாவிட்டால் உரிமை இல்லை’ என்று நம்பிக்கொண்டு தங்கள் ஆக்கத்தைப் பிறர் எடுப்பதைப் பார்த்துப் பேசாமல் இருக்கும் கலைஞர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். ஆகையால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உரிமை எவ்வளவு காலம் நீடிக்கும்? ஆக்கியவர் வாழும் காலமும், அவர் இறந்த பின் 70 ஆண்டுகளும். இந்தியாவில் இது 60 ஆண்டுகள். 1960இல் இறந்த ஈழத்து எழுத்தாளர் ஒருவரின் கதைகளைச் சென்னையில் 2021 தொடக்கம் யாரும் அச்சிடலாம். அவர் பிறந்த யாழ்ப்பாணத்தில் 2030 முடியும்வரை வாரிசுகளிடம் கேட்க வேண்டும். பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் ஒரே புத்தகத்துக்கு இரண்டு வயது.

ஒரு பாட்டில் உரிமை ஒன்றல்ல. சொல்லுக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் ஒன்று, ஒலிப்பதிவைச் செய்தவருக்கு ஒன்று என்று அடுக்கடுக்காக இருக்கிறது. சொல்லும் மெட்டும் பதிப்புரிமைக்குள் வரும். வாசித்தவரின் உரிமையையும் பதிந்தவரின் உரிமையையும் சட்டம் ‘தொடர்புடைய உரிமைகள்’ என்று தனியே வைத்து 50 ஆண்டுகள் கொடுக்கிறது. தியாகராஜர் 1847இல் மறைந்தவர். ஆகவே அவருடைய சொல்லும் மெட்டும் எப்போதோ எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. எங்கள் கோயில் பதிவில் மிஞ்சியிருந்த உரிமைகள் இரண்டே: வாசித்த வித்துவான்களுடையதும், கைபேசி பிடித்த என் மருமகனுடையதும். இசை நிறுவனத்துக்கு அதில் ஓர் அணுவளவும் பங்கில்லை.

அப்படியானால் இயந்திரம் ஏன் தடுத்தது?

பெரிய காணொளித் தளங்களில் மனிதர் யாரும் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதில்லை. யூடியூப் 2007இல் கொண்டுவந்த ‘கன்டென்ட் ஐடி’ என்ற முறையே மற்றவற்றுக்கும் முன்மாதிரி. உரிமையாளர் தன் ஒலிப்பதிவைக் கொடுக்க, தளம் அதிலிருந்து ஒரு கைரேகை போன்ற அடையாளத்தை எடுத்து வைத்துக்கொள்ளும். புதிதாக ஏறும் ஒவ்வொரு காணொளியையும் அந்தக் கைரேகைகளோடு ஒப்பிடும். பொருந்தினால் உரிமையாளர் முன்கூட்டியே சொல்லி வைத்தபடி நடக்கும்: தடுக்கலாம், விளம்பர வருமானத்தைத் தன் பக்கம் திருப்பலாம், அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டு மட்டும் இருக்கலாம். பதிவு ஒன்றாக இல்லாமல் மெட்டு மட்டும் ஒத்துப்போனாலும் அது பிடிக்கும். சினிமாப் பாட்டுக்கு இது நியாயமாகவே வேலை செய்கிறது. மெட்டு பொதுச்சொத்தாகவும் வாசிப்பவரின் கற்பனை தனிச்சொத்தாகவும் இருக்கும் கர்நாடக இசையில்தான் இடறுகிறது. ஒரே கீர்த்தனையை ஆயிரம் வித்துவான்கள் வாசிப்பார்கள். அந்த ஆயிரத்தில் ஒருவருடைய பதிவு உள்ளே போய்விட்டால் மற்ற 999 பேரும் அவரைத் திருடியவர்களாகத் தெரிவார்கள்.

மறுப்புத் தெரிவிக்கலாம். உரிமை கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. முப்பது நாளில் எங்கள் ஊரில் தேர், தீர்த்தம், பூங்காவனம் எல்லாம் முடிந்து பந்தலும் பிரித்தாகிவிடும். இதைவிட ஆழமான ஒரு குறையும் இருக்கிறது. கைரேகை கொடுக்கும் வாசல் எல்லோருக்கும் திறந்ததல்ல. பெருந்தொகையான பதிவுகளுக்குத் தனியுரிமை வைத்திருப்பவர்களுக்கே அந்த வசதி கொடுக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்து இணுவிலில் இருந்தோ அளவெட்டியில் இருந்தோ ஒரு தவில் வித்துவான் போய், என் வாசிப்பையும் காத்துக்கொள் என்று கேட்க முடியாது. அவருக்கு எதிராக வேலை செய்யத் தெரிந்த இயந்திரத்துக்கு அவருக்காக வேலை செய்யத் தெரியாது.

இதன் அடியில் இருப்பது அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம். முறைப்பாடு வந்தவுடன் எடுத்துவிட்டால் தளத்தின் மேல் குற்றமில்லை என்பது அதன் சாரம். எடுக்காமல் விட்டால் ஆபத்து, தவறாக எடுத்தால் பெரிய நட்டமில்லை. இந்த ஏற்பாட்டில் எந்த நிறுவனமும் முதலில் எடுத்துவிட்டுப் பிறகு யோசிக்கவே பார்க்கும். இலங்கைச் சட்டத்திலும் நியாயமான பயன்பாட்டுக்கு 11ஆம், 12ஆம் பிரிவுகளில் இடம் இருக்கிறது. விமர்சனத்துக்கு மேற்கோள் காட்டலாம், கற்பித்தலுக்குச் சிறு பகுதி எடுக்கலாம், நூலகம் அழியும் பிரதியைக் காக்கப் படியெடுக்கலாம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருக்கும் பிரதியெடுக்கும் கடைகளில் நடப்பவற்றில் ஒரு பகுதி இதற்குள் அடங்கும், முழுப் புத்தகத்தையும் எடுத்துக் கட்டிக் கொடுப்பது அடங்காது. எப்படியானாலும் இயந்திரம் இந்தப் பிரிவுகளைப் படித்ததில்லை.

இனி இரண்டாவது குற்றத்துக்கு வருகிறேன். பெயரை வெட்டியது.

இதைப் பற்றி எங்கள் சட்டம் வாய்மூடி இருக்கவில்லை. 10ஆம் பிரிவு ஆக்கியோனின் தார்மீக உரிமைகளைச் சொல்கிறது. வாசிப்பவரையும் அது ஆக்கியோனாக எடுக்குமா என்பது வேறு கேள்வி. தன் ஆக்கம் எங்கே பயன்பட்டாலும் அங்கே தன் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கேட்கும் உரிமை. தன் மதிப்புக்கு இழுக்கு வரும்படி ஆக்கத்தைத் திரிப்பதை எதிர்க்கும் உரிமை. பொருளாதார உரிமையை விற்றுவிட்டாலும் இவை ஆக்கியோனிடமே தங்கும். உயிரோடு இருக்கும்வரை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, இறந்தபின் வாரிசுகளுக்குப் போகும். பணம் கைமாறலாம், பெயர் கைமாறாது.

அழகான பிரிவு. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு வழக்காட யார் போகிறார்கள்? புலமைச் சொத்து சம்பந்தமான உரிமையியல் வழக்குகளுக்குக் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஒரு கச்சேரிக்குக் கிடைக்கும் சன்மானம் இராப் பஸ் டிக்கெட்டுக்கும் தங்குமிடத்துக்குமே போதாது, சட்டத்தரணிக்கு எதைக் கொடுப்பது? ஆகவே 10ஆம் பிரிவு எங்கள் பக்கத்தில் புத்தகத்தோடு இருக்கிறது.

இந்த எண்ணம் வெளிநாட்டுச் சட்டத்தில் இருந்து எங்களுக்கு வந்தது என்று யாராவது நினைத்தால் நன்னூலை எடுத்துப் பார்க்கட்டும். நூலின் முகவுரையான பாயிரம் காட்ட வேண்டிய எட்டுச் செய்திகளைப் பவணந்தி முனிவர் அடுக்குகிறார். அவற்றுள் முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது வழி, அதாவது இந்த நூல் எதில் இருந்து வந்தது என்ற செய்தி. நூலின் பெயர்கூட அதற்குப் பிறகுதான். நூல்களையே முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரித்த மரபு இது. பிறர் நூலில் இருந்து எடுப்பதை அந்த மரபு குற்றமாகப் பார்க்கவில்லை. எடுத்ததைச் சொல்லிவிட்டு எடு என்றது. ஓலைச்சுவடியைப் பெயர்த்து எழுதியவர்களும் கடைசி ஏட்டில் இன்னார் ஏடு, இன்னார் எழுதினார், இன்ன ஆண்டு இன்ன மாதம் என்று குறித்து வைத்தார்கள். படியெடுத்தவனுக்கும் பெயர் உண்டு. சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை.தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது தனக்கு முந்திய ஏடுகளின் நிலையையும் அவற்றைத் தேடிப் பெற்ற பாட்டையும் பதிப்புரைகளில் எழுதி வைத்த வழக்கம் இதன் தொடர்ச்சிதான்.

படியெடுப்பதை நான் எதிர்க்கவில்லை என்பதை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்த எவராலும் அதை எதிர்க்க முடியாது. 1981 ஜூன் முதலாம் திகதியை அண்டிய இரவில் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. எதற்கு வேறோர் இடத்தில் பிரதி இருந்ததோ அது பிழைத்தது. வேறு பிரதி இல்லாதது இனி இல்லை. ஒரு நூலுக்கு ஒரே படி இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை நாங்கள் சாம்பலில் படித்தோம்.

பிறகு தொண்ணூறுகள். மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து, இருக்கையிலும் கைபிடியிலும் நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வந்த மின்சாரத்தில் வானொலியும் ஒலிநாடாவும் ஓடின. எங்கள் வீட்டில் சுற்றுவது என் முறை. கை சோர்ந்தால் பாடகரின் குரல் தடித்து இழுபடும், உள்ளே இருந்து அக்கா சத்தம் போடுவார், மறுபடி வேகம் பிடித்தால் குரல் மெலிந்து ஓடும். அந்த ஒலிநாடாக்களில் ஒன்றுகூட மூலப்பிரதி இல்லை. ஒன்றில் இருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று என்று கைமாறி, இசையைவிட இரைச்சல் கூடிய பிரதிகள். அதற்கும் முந்திய எண்பதுகளில் ரீவியையும் வீடியோ டெக்கையும் இரவுக்கு வாடகைக்கு எடுத்து முற்றத்தில் பாய் விரித்துப் படம் பார்த்ததும் இப்படித்தான். சட்டத்தின் கண்ணில் எல்லாமே மீறல். அவற்றை வாங்கக் கடையும் இல்லை, விற்க ஆளும் இல்லை என்பதைச் சட்டம் கேட்காது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் இன்றைய பிள்ளைகளின் காதில் விழுகிறதென்றால், யாரோ ரசிகர்கள் கோயில் வீதியில் பதிந்து, இன்னும் பல ரசிகர்கள் பிரதி செய்து வைத்த நாடாக்களால்தான். அவர் 1975இல் மறைந்தார். வாசிப்பவரின் 50 ஆண்டு உரிமையை எண்ணிப் பார்த்தால், அவருடைய கடைசிக் கச்சேரிகளுக்குங்கூட 2025 முடிவோடு கணக்குத் தீர்ந்துவிட்டது. வாசித்தவரின் உரிமையைப் பொறுத்தவரை இனி யார் வேண்டுமானாலும் அவற்றைப் போடலாம். போடுகிறவர்கள் எந்தக் கோயில், எந்த ஆண்டு, யார் நாதஸ்வரம், பதிந்தவர் யார் என்று எழுதிப் போடுவார்களா என்பதுதான் என் கவலை. இணையத்தில் கிடைப்பனவற்றில் பலவற்றில் உடன் வாசித்தவர் பெயரே இல்லை.

பொறுப்போடு படியெடுப்பது எப்படி என்பதற்கும் எங்களிடமே உதாரணம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் மின்வருடி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. எழுத்தாளரிடமோ வாரிசிடமோ அனுமதி கேட்டுச் செய்கிறார்கள். எங்கள் நிலைமையில் அது எவ்வளவு பாடு என்பதை எண்ணிப் பாருங்கள். எழுதியவர் இடம்பெயர்ந்து, பிள்ளைகள் நாலு நாட்டில் சிதறி, அச்சகம் இருந்த இடத்தில் கறையான் புற்று. உரிமை உயிரோடு இருக்கிறது, உரிமையாளரைக் காணவில்லை. இப்படிப்பட்ட ஆக்கங்களை ‘அநாதை ஆக்கங்கள்’ என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் இவற்றுக்கென்றே ஒரு விதி செய்தது. முயன்று தேடியும் உரிமையாளர் அகப்படாவிட்டால் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் அந்த ஆக்கத்தை எண்ணிமமாக்கிப் பயன்படுத்தலாம். போரும் இடப்பெயர்வும் கண்ட எங்கள் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு வழி இல்லை. திருத்தம் கேட்பதென்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான். தமிழ்நாட்டில் இன்னொரு வழி உண்டு. பாரதியின் ஆக்கங்களை 1949இல் சென்னை அரசு வாங்கிப் பின்னர் பொதுவாக்கியது. அன்று தொடங்கிய நாட்டுடைமை வழக்கம், வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து எழுத்தை மக்களுக்குக் கொடுப்பதாக இன்றும் தொடர்கிறது. எங்கள் மாகாணத்தில் அதைச் செய்ய அதிகாரமும் இல்லை, நிதியும் இல்லை.

சினிமாப் பாட்டுச் சண்டைக்கு வருவோம், இங்கே தேநீர்க் கடையில்கூட அதுதான் பேச்சு. 2017இல் இளையராஜா தன் பாடல்களை மேடையில் அனுமதியின்றிப் பாடக்கூடாது என்று எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கே வழக்கறிஞர் அறிவித்தல் அனுப்பியபோது, எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. ‘பாட்டு மக்களுடையது’ என்று ஒரு பக்கம், ‘உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா’ என்று மறுபக்கம். பலரும் அறியாதது இதன் பின்னணி. 1977இல் இந்திய உச்ச நீதிமன்றம், படத்துக்கென்று பணம் கொடுத்து இசையமைக்கச் சொன்னால் உரிமை தயாரிப்பாளருக்கே என்று தீர்த்தது. அதன்பின் பல பத்தாண்டுகள், இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் ஒருமுறை சம்பளம் வாங்கியதோடு சரி. அவர்கள் பாட்டு வானொலியில் ஆயிரம் தரம் ஒலித்தாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம்தான், படத்துக்கு வெளியே பாட்டு ஈட்டும் பணத்தில் அவர்களுக்குச் சமபங்கு உண்டு, அதை எழுதிக் கொடுத்தும் இழக்க முடியாது என்று ஆக்கியது. இந்த வரலாறு தெரிந்தபின் ‘பேராசை’ என்று ஒரே சொல்லில் தள்ள என்னால் முடியவில்லை.

2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் ‘குணா’ படப் பாட்டை எடுத்து ஆண்டபோது அதே இசையமைப்பாளர் மறுபடி அறிவித்தல் அனுப்பினார். தயாரிப்பாளர்கள் இசை நிறுவனத்திடம் உரிமை வாங்கியதாகச் சொன்னார்கள். படத்தில் அவருக்கு நன்றி கூறிப் பெயரும் போட்டிருந்தார்கள். பெயர் போட்டால் போதாது, அனுமதி வேண்டும் என்பது அவர் தரப்பு. எனக்கு இது நல்ல பாடம். பெயரே முக்கியம் என்று நான் வாதிடுகிறேன், ஆனால் பெயர் மட்டும் அடுப்பெரிக்காது. எங்கள் வித்துவானின் வாசிப்புக்குப் பெயரும் வேண்டும், அதை வைத்து ஒருவர் சம்பாதித்தால் பங்கும் வேண்டும். ஆனால் பெயரே இல்லாத இடத்தில் பங்கு கேட்டு யார் வருவது?

எங்கள் பொப்பிசைக்கு நேர்ந்தது அதுதான். ‘சின்ன மாமியே’ என்ற பாட்டைத் தெரியாத தமிழர் குறைவு. வதிரியைச் சேர்ந்த எம்.எஸ்.கமலநாதன் எழுதி, நித்தி கனகரத்தினம் பாடிப் பரப்பிய பாட்டு. பாடியவரைப் பலர் அறிவர், எழுதியவரை வடமராட்சிக்கு வெளியே அறிந்தவர் மிகச் சிலர். தமிழ்நாட்டுக் கல்லூரி மேடைகளில் அது நாட்டுப்பாடல் என்றே போகிறது. ‘சுராங்கனி’ சிங்கள ஆடல்பாட்டான பைலாவில் இருந்து வந்தது. ஏ.ஈ.மனோகரன் தமிழ் கலந்து பாடி ஊரெல்லாம் ஒலிக்க வைத்தார். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தின் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போனது. அங்கிருந்து இந்தியா முழுவதும். கடல் தாண்டும்போது பாட்டு நனையாமல் போய்ச் சேர்ந்துவிடும், கொண்டுபோனவர் பெயரும் கட்டியவர் பெயரும் பாதி வழியில் விழுந்துவிடும். அண்மைக் காலத்தில், 2021இல் உலகம் சுற்றிய ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டுக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த ஒரு பாட்டியின் நினைவுதான் வேர். அதற்கும், யார் எழுதினார், யார் பெயர் முன்னால், யார் படம் அட்டையில் என்ற வாதம் வந்தது. மூன்று ஆண்டு கழித்து, அந்தப் பாட்டில் இருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று இசையமைப்பாளர் வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கான பேர் பார்த்த பாட்டுக்கு இந்தக் கதி.

கூத்துக்கோ அதே புலமைச் சொத்துச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. 24ஆம் பிரிவின்படி நாட்டார் கலை வடிவங்களை வணிகத்துக்காகவோ அவற்றின் மரபுச் சூழலுக்கு வெளியிலோ பயன்படுத்தினால் அமைச்சர் நியமிக்கும் அதிகார சபையிடம் அனுமதி பெற வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், அந்தப் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குப் போகும். காத்தவராயன் கூத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் கிராமத்துக்கு அந்தப் பணம் நேரே போகும் என்று அங்கே எழுதப்படவில்லை. ஊரின் பெயரையாவது ஒவ்வொரு தடவையும் சொன்னால், கூத்துப் பழக்கிய எத்தனையோ அண்ணாவிமார் நினைவில் நிற்பார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து எல்லாவற்றையும் இன்னும் ஒரு படி தள்ளியிருக்கிறது. 2024இல் ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் இயந்திரத்தால் எழுப்பி ஒரு படத்தில் பாட வைத்தார். குடும்பத்தினரிடம் அனுமதி பெற்றதாகவும் உரிய தொகை கொடுத்ததாகவும் அறிவித்தார். அதே காலத்தில், கேட்காமல் தந்தையின் குரலை உருவாக்கினார்கள் என்று எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் குடும்பம் ஒரு தெலுங்குப் படத்தின் தயாரிப்பாளர்களுக்கு அறிவித்தல் அனுப்பியது. இங்கே சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. பாட்டு ஓர் ஆக்கம், பாடியது ஒரு நிகழ்த்துகை, இரண்டுக்கும் உரிமை உண்டு. குரலின் நிறம் இரண்டுமே இல்லை. இறந்தவரின் குரலில் அவர் பாடாத பாட்டைப் பாட வைத்தால் எங்கள் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் எந்தப் பிரிவைக் காட்டுவது? எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

எழுத்திலும் இதே கேள்விதான். கேட்டால் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவின் பெரிய மொழி மாதிரிகள் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகுகின்றன. 2023 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, அத்தகைய மாதிரிகளைச் செய்யும் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. ஜப்பான் 2018இலேயே இத்தகைய படிப்புக்குச் சட்டத்தில் தாராளமாக இடம் கொடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இடம் கொடுத்தாலும், வேண்டாம் என்று மறுக்கும் உரிமையை ஆக்கியோனுக்கு விட்டது. இலங்கையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் இந்த இயந்திரங்கள் தமிழ் படிக்கக் கூடாது என்று சொல்பவன் அல்லன். அவை எங்கள் தமிழைப் படிக்காவிட்டால் நாளைக்கு எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தைப் பற்றி வேறு யாரோ சொன்னதைத்தான் சொல்லும். படிக்கட்டும். ஆனால் ஓர் ஈழத்துக் கதையின் சாரத்தைச் சொல்லும்போது அது எந்த எழுத்தாளருடையது, எந்த இதழில் வந்தது என்று சொல்ல அவற்றுக்குப் பழக்க வேண்டும். நன்னூல் கேட்ட முதல் இரண்டு செய்திகளையும் இவற்றிடமும் கேட்பதில் என்ன பிழை?

எங்கள் பதிவுக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். மருமகன் மறுப்பு எழுதினான். கீர்த்தனை பொதுவானது, வாசித்தவர் இவர், பதிந்தவன் நான் என்று மூன்று வரி. இருபத்தெட்டாம் நாள் உரிமைக் கோரிக்கை விலகியது. பெயரை வெட்டிய பக்கத்துக்கு இரண்டு தரம் எழுதினான், பதில் இல்லை. இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு அவன் வேறு ஏற்பாடு செய்தான். தொடக்கத்தில் மட்டும் பெயர் போட்டால் வெட்டிவிடுகிறார்கள் என்று, படத்தின் கீழ்ப் பக்கத்தில் முழு நேரமும் தெரியும்படி பெயர்களைப் பதித்தான். ஏற்றுவதற்கு முன் வித்துவானின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினான். நானும் கூடப் போயிருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைபேசியைக் கிட்ட வைத்துப் பார்த்தார். வாசிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டு, தம்பி, இதற்கு மேலே ஒரு வரி இடம் இருக்குமா என்று கேட்டார். இருக்கிறது என்றான் மருமகன். தன் குருநாதரின் பெயரையும் ஊரையும் சொன்னார். எழுத்துப் பிழை வராமல் எழுதச் சொல்லி, அவன் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.